வீரப் புதல்வியருக்குச் செலுத்த வேண்டிய கடன்

சர்வகலாசாலைகள் தங்கள் பெயரை உலகறியச் செய்த பழைய மாணவர்களுக்கு மரியாதை செய்வது இப்பொழுது எங்கும் வழக்கமாகி வருகிறது. மைதானத்துக்கு ஒருவர் பெயர், மாணவர் விடுதிக்கு இன்னொருவர் பெயர், வாயிலில் ஒரு வெண்கலச் சிலை, வருஷத்துக்கொரு விருந்து என்று இம்மரியாதை பல உருவங்களில் நடைபெறுகிறது. விளையாட்டிலே புகழ் படைத்த ஸ்திரீகளும் இவ்வரிசையில் இடம் பெறத் தொடங்கியிருக்கின்றனர். இது நல்ல வழக்கமே; அதைக் குறை கூற நாம் முன்வரவில்லை. ஆயினும், மாலை சூட்டுகிறவர்கள் யார், எவருடைய கழுத்தில் சூட்டுகிறார்கள், சூட்டுவதற்கு முன்னர் அவருக்கு என்ன செய்திருந்தார்கள் என்னும் கேள்விகளைக் கேளாமல் கைதட்டிவிட்டுப் போவது பொதுஜன அபிப்பிராயத்தைப் பேணக் கடமைப்பட்டவர்களுக்கு அழகன்று. இக்கேள்விகளை எழுப்புவதற்கு, அமெரிக்க ஐக்கிய நாட்டிலே டென்னஸி ராஜ்யத்துச் சர்வகலாசாலையின் சரித்திரத்தைக் காட்டிலும் பொருத்தமானது வேறில்லை என்பது நம் கருத்து.

டென்னஸி ராஜ்யத்தின் தலைநகரமாகிய நாஷ்வில்லில் 1912ம் வருஷம் ஒரு கலாசாலை திறக்கப்பட்டது. விவசாயத்தையும் கைத்தொழிலையும் கற்பித்து ஆசிரியர்களைத் தயாரிப்பதற்காக ஏற்பட்ட அக்கலாசாலையின் பெயரிலேயே அது நீக்ரோக்களுக்கு உரியது என்ற சொல் பொறிக்கப்பட்டிருந்தது. அந்நாளில் தென் ராஜ்யங்களில் வெள்ளையர் பிள்ளைகளும் கறுப்பர் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்காருவது சட்ட விரோதம். 1890ம் வருஷத்து மத்திய சட்டமொன்று இதற்கு ஒரு வழி கூறியது. நிறங்காரணமாக மாணவரைச் சேர்க்க மறுக்கும் ராஜ்யங்கள், கறுப்பு மாணவருக்கென வேறு கலாசாலை வைத்து, மானியப் பணத்தை இரண்டுக்கும் நியாயமாகப் பங்கிட வேண்டுமென்பது அதன் சாரம். ‘நியாயமாக’ என்னும் ஒரு சொல்லுக்குள்ளே எவ்வளவு அநியாயம் புகுந்து கொள்ளக்கூடும் என்பதை நியாயஸ்தலங்களில் பழகியவர்கள் அறிவார்கள். நாஷ்வில் கலாசாலைக்குக் கிடைத்தது மிச்சமும் சொச்சமுமே. 1968ம் வருஷத்தில்தான் அது டென்னஸி ராஜ்யச் சர்வகலாசாலை என்னும் இன்றைய பெயரைப் பெற்றது.

இத்தகைய கலாசாலையிலிருந்து உலகத்தை வென்ற பெண்கள் எவ்வாறு தோன்றினார்கள்? வெள்ளையர் கலாசாலைகளின் நிலைமையை அறிந்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். 1920, 1930களில் அமெரிக்கக் கல்வியாளரிற் பலர், பெண்கள் போட்டியிட்டு ஓடுவது தேகத்துக்கும் குணத்துக்கும் கேடு என்று தீர்மானித்துவிட்டார்கள். 1928ம் வருஷம் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் பந்தயங்களில் பெண்கள் 800 மீட்டர் ஓடிய பொழுது, ஓடியவர்கள் களைத்து வீழ்ந்தார்களென்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. அதன் பயனாக அந்தப் பந்தயமே 32 வருஷ காலம் பெண்களுக்கு இல்லாமற் போயிற்று. நமது தொழிலைச் சேர்ந்தவர்கள் செய்த கைங்கரியங்களில் இதுவும் ஒன்றென்பதை வெட்கத்தோடு குறிப்பிடுகிறோம். வெள்ளையர் கலாசாலைகள் இவ்வாறு கைவிட்ட மைதானத்திலே கறுப்பர் கலாசாலைகள் துணிந்து இறங்கின. அலபாமா ராஜ்யத்து டஸ்கீகி கலாசாலை முதலில் வழிகாட்டியது. அங்கே பெண்களைப் பயிற்றுவித்த கிளீவ் ஆபட்டின் புதல்வியாரே நாஷ்வில்லுக்கு வந்து 1940களில் பெண்கள் ஓட்டக் கோஷ்டியைத் தொடங்கி வைத்தவர். 1948ம் வருஷம் லண்டனில், டஸ்கீகியில் பயின்ற ஆலிஸ் கோச்மன் உயரந் தாண்டுவதில் தங்கப் பதக்கம் பெற்றார். அதே பந்தயங்களில் நாஷ்வில் மாணவி ஆட்ரி பாட்டர்ஸன் 200 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் அமெரிக்கக் கறுப்புப் பெண்மணியானார்.

1950ம் வருஷம் அக்கலாசாலையிலேயே பட்டம் பெற்ற எட்வர்ட் டெம்பிள் என்னும் இளைஞரிடம் பெண்கள் கோஷ்டி ஒப்படைக்கப்பட்டது. 1994ம் வருஷம் வரையில், ஏறத்தாழ நாற்பத்துநான்கு ஆண்டுகள், அவர் அப்பணியை விடவில்லை. அவர் வெறும் ஓட்ட ஆசான் அல்லர். சமூக சாஸ்திரம் கற்பித்தவர். ஆரம்ப நாட்களில் கலாசாலைத் தபால் நிலையத்தையும் கவனித்து வந்தவர். பெண்கள் ஓட்டத்துக்கு என்று தனியே ஒருவரை நியமித்துச் சம்பளம் கொடுக்கக் கலாசாலையில் பணமில்லை. ஓடுபாதையோ முற்றுப் பெறாதது. ஓடிய பெண்களுக்கு உதவிச் சம்பளம் கிடையாது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் காரியாலயங்களிலும் கட்டடங்களிலும் வேலை செய்து படிப்புச் செலவை அவர்கள் ஈடு செய்தார்கள். அதிகாலையில் ஓட்டம், பகலில் பாடம், பிறகு வேலை, மறுபடியும் ஓட்டம். இக்கோஷ்டியினருக்கு ‘டைகர்பெல்ஸ்’ என்று பெயர். கலாசாலையின் சின்னமாகிய புலியையும், அழகியைக் குறிக்கும் சொல்லையும் கூட்டியமைத்த பெயர் அது.

வெளியூர்ப் பந்தயங்களுக்குப் போவதென்றால் டெம்பிள் காரோட்டியாகவும் ஆகிவிடுவார். ரயிலிலோ விமானத்திலோ செல்லப் பணமில்லை. பணமிருந்தாலும் தென் ராஜ்யங்களின் பாதையோரத்து ஹோட்டல்களில் அவர்களுக்குச் சாப்பாடு கிடையாது, விடுதிகளில் அறை கிடையாது, பெட்ரோல் விற்கும் இடங்களில் ஸ்திரீகளுக்கு அத்தியாவசியமான சௌகரியமுங் கிடையாது. கட்டுச்சாதம்போல் ஆகாரத்தைக் கட்டியெடுத்துக் கொண்டு, வழியில் வயல்வெளிகளில் வண்டியை நிறுத்திப் புதர் மறைவில் ஒதுங்கி, இரவெல்லாம் பயணஞ் செய்து, மறுநாள் பந்தயத்தில் இறங்கி வென்றுவிட்டு அதே பாதையில் திரும்புவார்கள். தங்கள் நாட்டுக் கொடியைத் தோளில் தாங்கி ஓடப் போகிற பெண்கள் அந்நாட்டுச் சாலையோரத்தில் பட்ட பாட்டை இன்றைய விருந்துப் பேச்சாளர்கள் சொல்லுவது அபூர்வம். “கஷ்டங்களைத் தாண்டி முன்னேறினார்கள்” என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். கஷ்டம் தானே வானத்திலிருந்து விழுந்ததா? அதற்குச் சட்டம் எழுதியவர்கள் இருந்தார்கள். வரி வசூலித்து அதை நடத்தியவர்கள் இருந்தார்கள்.

1956ம் வருஷம் மெல்போர்ன் பந்தயங்களில், நானூறு மீட்டரை நால்வர் பகிர்ந்து ஓடும் தொடரோட்டத்தில் அமெரிக்கப் பெண்களுக்கு வெண்கலம் கிடைத்தது. ஓடிய நால்வரும் டெம்பிளின் மாணவியரே: மே பேக்ஸ், மார்கரெட் மாத்யூஸ், வில்மா ருடால்ப், இஸபெல் டேனியல்ஸ். அவர்களுள் மே பேக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை கூற வேண்டும். 1948ம் வருஷம் பதினாறு வயதில் லண்டன் சென்றவர். 1952ம் வருஷம் ஹெல்சிங்கியில் தங்கம் பெற்றவர். மூன்றாம் முறையாக மெல்போர்னில் ஓடியவர். இளம் பெண்களைத் தட்டிக் கொடுத்து ஓட வைத்து, கோஷ்டிக்கே தாய்போல் விளங்கியவர். அவருடைய பெயரை இன்று விளையாட்டு ரசிகரிலேகூட எத்தனை பேர் அறிவர்? அவர் தட்டிக் கொடுத்த பதினாறு வயதுச் சிறுமியின் பெயரை உலகம் அறியும்.

அச்சிறுமிதான் மிஸ் வில்மா ருடால்ப். 1940ம் வருஷம் டென்னஸியில் கிளார்க்ஸ்வில் நகரின் அருகே பிறந்தவர். தந்தையாருக்கு இருபத்திரண்டு மக்கள். இவர் இருபதாவது குழந்தை. தந்தையார் ரயிலில் மூட்டை சுமந்தார்; தாயார் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தார். குறைப் பிரசவத்தில் பிறந்த குழந்தைக்கு இளம்பிள்ளை வாதம் கண்டு இடது கால் செயலற்றுப் போயிற்று. கறுப்பர்களுக்கு வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரி ஐம்பது மைலுக்கப்பால் நாஷ்வில்லில் இருந்தது. வாரந்தோறும் தாயும் மகளும் பஸ்ஸில், சட்டம் அவர்களுக்கு ஒதுக்கிய பின் ஆசனங்களில் உட்கார்ந்து, போய் வந்தார்கள். வீட்டிலே தாயும் மூத்த பிள்ளைகளும் மாறி மாறி அந்தக் காலைத் தினமும் பலமுறை நீவி விட்டார்கள். பன்னிரண்டு வயதளவில்தான் காலிலிருந்த இரும்புக் கட்டு நீங்கிற்று. அதன் பின்னர் நான்கே வருஷங்களில் மெல்போர்ன்!

1960ம் வருஷம் ரோமாபுரியில் மிஸ் ருடால்ப் 100 மீட்டர் ஓட்டத்தை 11.0 விநாடியில் வென்றார். பின்காற்று அளவுக்கு மிஞ்சி வீசியதால் அது உலக சாதனையாகக் கணக்கிடப்படவில்லை. 200 மீட்டரையும் வென்றார். மூன்றாவதாகத் தொடரோட்டம். அதிலும் ஓடிய நால்வரும் நாஷ்வில் கலாசாலையின் மாணவியரே: மார்த்தா ஹட்ஸன், லூசிண்டா வில்லியம்ஸ், பார்பரா ஜோன்ஸ், வில்மா ருடால்ப். கடைசிக் கைமாற்றத்தில் கோல் தடுமாறிற்று. மிஸ் ருடால்ப் சமாளித்துப் பிடித்து, முந்திச் சென்றவர்களைத் துரத்தித் தாண்டி வெற்றி பெற்றார். ஒரே ஒலிம்பிக் பந்தயங்களில் ஓட்டத்தில் மூன்று தங்கப் பதக்கம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி அவரே. ஐரோப்பியப் பத்திரிகைகள் அவருக்குக் ‘கறுப்பு மான்’ என்று பட்டஞ் சூட்டின. புகழும் பொழுதும் நிறத்தை விட்டுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை போலும்.

இனி நாம் சொல்லப் போகிற சம்பவத்துக்காகவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம். மூன்று தங்கப் பதக்கங்களோடு திரும்பும் தம் ஊர்ப் பெண்ணுக்கு மகத்தான வரவேற்பு அளிக்கக் கிளார்க்ஸ்வில் நகரத்தார் ஏற்பாடு செய்தார்கள். ராஜ்யத்தின் கவர்னர் பூபோர்டு எலிங்டன் முன்னின்று நடத்துவதென்று யோசனை. இவர் நிறப் பிரிவினையைத் தாம் பழைய முறையில் ஆதரிப்பவர் என்று பெருமையோடு சொல்லித் தேர்தலில் வென்றவர். வழக்கப்படி வெள்ளையர் ஒருபுறமும் கறுப்பர் ஒருபுறமுமாக உற்சவம் நடைபெறுவதாக இருந்தது. இருபது வயதுப் பெண் ஒரு வார்த்தை சொன்னார்: பிரிவினையோடு நடக்கும் வரவேற்புக்குத் தாம் வருவதற்கில்லை. சொன்னதோடு நின்றார், அசையவில்லை. நகரத்தார் இணங்கினார்கள். 1960ம் வருஷம் அக்டோபர் 4ந் தேதி நடந்த ஊர்வலமும், இரவில் நடந்த விருந்துமே அந்நகரின் சரித்திரத்தில் இரு நிறத்தாரும் சேர்ந்து கலந்து கொண்ட முதல் வைபவங்கள்.

நேயர்கள் இதனைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். வரவேற்பை ஏற்றுக் கொள்ளாவிட்டால் நஷ்டம் யாருக்கு? ஒலிம்பிக் விதிகளின்படி அவர் ஓட்டத்தால் ஒரு காசு சம்பாதிக்க இயலாது. கையில் பணமில்லை; முன்னே வாழ்க்கை முழுவதும் கிடக்கிறது. கவர்னருடைய தயவு, நகரப் பிரமுகர்களின் தயவு, ஒரு நல்ல உத்தியோகம் எல்லாம் அந்த ஊர்வல வண்டியில் ஏறி அமர்ந்து கையசைப்பதைப் பொறுத்திருந்தன. தம்மை வளர்த்த அயலாரும், ஆஸ்பத்திரிக்குப் போக வழிச் செலவுக்கு உதவியவர்களும் வாயிற்புறத்தில் நிற்க, தாம் மட்டும் உள்ளே உட்கார்ந்து உண்ணும் விருந்து தமக்கு மரியாதையாகாது என்று அவர் கண்டு கொண்டார். பெரிய பெரிய தலைவர்களுக்கும் இத்தெளிவு ஏற்படுவதில்லை. சர்க்கார் கொடுத்த பட்டங்களை நாம் எவ்விதம் கருத வேண்டுமென்று நம் நாட்டிலே ஒரு தலைமுறை முழுவதும் விவாதம் நடந்ததை அறிந்தவர்களுக்கு, கிளார்க்ஸ்வில்லின் அப்பெண்மணி செய்த காரியத்தின் பெருமையை விளக்க வேண்டுவதில்லை.

அது தனியே பூத்த மலருமன்று. அதே 1960ம் வருஷம் பிப்ரவரி 13ந் தேதி நாஷ்வில் கடைத்தெருவில் கறுப்பு மாணவர்கள் உணவுக் கடைகளின் ஆசனங்களில் அமைதியாக உட்கார்ந்து சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். அடித்தாலும் திருப்பி அடிப்பதில்லை, வைதாலும் பதில் வைவதில்லை என்ற பயிற்சியை அவர்களுக்கு அளித்தவர் ஜேம்ஸ் லாஸன். அவர் 1950களில் நாகபுரியில் மூன்றாண்டுகள் ஆசிரியராக இருந்து காந்தியடிகளின் முறையை நேரிலே ஆராய்ந்து சென்றவர். டெம்பிளின் மாணவியர் ஓடிய கலாசாலையின் மாணவர்களும் அந்தச் சத்தியாக்கிரகத்தில் பங்கு கொண்டார்கள். மே மாதம் கடைகள் கதவைத் திறந்தன. மறுவருஷம் பஸ் பிரயாணங்களில் நிறப் பிரிவினையை எதிர்த்துப் புறப்பட்டு மிஸ்ஸிஸிப்பி ராஜ்யத்தில் கைதான மாணவரில் பதினால்வர் இச்சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள். எலிங்டன் கவர்னராயிருந்த அக்காலத்தில் பதினால்வரும் கலாசாலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். 2008ம் வருஷம், நாற்பத்தேழு வருஷங்கள் கழிந்த பின், அவர்களுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கப்பட்டது. அதுவும் மேலதிகாரக் குழு முதலில் மறுத்து, கூச்சல் கிளம்பிய பிறகு இணங்கியது. ஒரே கலாசாலை, ஒரே காலம்: பதக்கம் கொண்டு வந்தவர்களுக்கு ஊர்வலம், உரிமை கேட்டவர்களுக்கு வெளியேற்றம். இரண்டையும் சேர்த்துச் சொன்னாலன்றிச் சரித்திரம் முழுமையாகாது. மிஸ் ருடால்ப் இவ்விரண்டையும் தம்மளவில் பிரித்துப் பார்க்கவில்லை. 1963ம் வருஷம் தம் ஊர் உணவு விடுதியொன்று கறுப்பருக்கு இடமில்லை என்றபொழுது அவரும் போய் நின்றார்.

அந்த வருஷமே அவர் பட்டம் பெற்று, தாம் படித்த ஊர்ப் பள்ளியில் ஆசிரியையானார். 1994ம் வருஷம் ஐம்பத்துநான்காம் வயதில் காலமானார். அவர் பெயரால் சர்வகலாசாலையில் ஒரு மாணவியர் விடுதியும், உள்ளரங்க ஓடுபாதையும் இருக்கின்றன; கிளார்க்ஸ்வில்லில் பெருஞ்சாலையும் சிலையும் இருக்கின்றன; 2004ம் வருஷம் தபால் தலையும் வந்தது. இவையனைத்தும் தகும். ஆனால் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கும் வழக்கமொன்று உண்டு. அதனால் நேர்ந்த அநீதிக்கு மிஸ் வயோமியா டையஸின் வரலாறே சாட்சி.

ஜார்ஜியா ராஜ்யத்துக் கிரிபின் நகரில் 1945ம் வருஷம் பிறந்த மிஸ் டையஸ், 1964ம் வருஷம் டோக்கியோவில் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். இரண்டாவதாக வந்த எடித் மக்குவயரும் அதே கலாசாலைக்காரரே. அவர் 200 மீட்டரில் தங்கம் பெற்றார். நான்கு வருஷங் கழித்து மெக்ஸிகோவில் மிஸ் டையஸ் மறுபடியும் 100 மீட்டரில் உலக சாதனையோடு முதல்வரானார். இறுதிப் பந்தயத்தின் ஆரம்பக் கோட்டில், மற்றவர்கள் பதைபதைத்து நிற்க, அவர் சிறிது நடனமாடிக் கொண்டிருந்தாராம்! ஒலிம்பிக் 100 மீட்டர் பட்டத்தை வென்று அடுத்த முறையும் அதைக் காத்துக்கொண்டவர் அதற்கு முன் உலகத்தில் ஒருவருமில்லை, ஆணுமில்லை, பெண்ணுமில்லை. பின்னர் கார்ல் லூயிஸ் 1984ம் வருஷமும் 1988ம் வருஷமும் அப்பட்டத்தைப் பெற்றபொழுது, இச்செயலை முதன்முதல் செய்தவர் அவரே என்று சொன்னவர்கள் பலர். இருபது வருஷங்களுக்கு முன்பே ஒரு பெண் அதைச் செய்துவிட்டார் என்பது அவர்களுடைய நினைவுக்கு வரவில்லை.

மெக்ஸிகோவின் வேறொரு காட்சியையும் உலகம் பாதிதான் நினைவில் வைத்திருக்கிறது. டாமி ஸ்மித், ஜான் கார்லாஸ் என்ற இருவர் பதக்க மேடையில் கறுப்பு உறையணிந்த கைமுட்டிகளை உயர்த்தித் தங்கள் ஜனங்களின் உரிமைக்காக நின்ற படத்தைக் காணாதார் இலர். அவர்கள் பந்தயங்களிலிருந்து துரத்தப்பட்டார்கள். அதற்குப் பிறகு சில தினங்களுக்குள் தொடரோட்டத்தில் தங்கம் வென்ற மிஸ் டையஸ், தம் வெற்றியை அவ்விருவருக்கும் அர்ப்பணம் செய்வதாகப் பகிரங்கமாகக் கூறினார். வழக்கமான வெள்ளைக் காற்சட்டைக்குப் பதிலாகக் கருநிறக் காற்சட்டை அணிந்தே அவர் ஓடினார். அதனைப் பற்றி அவரிடம் கேட்டவர்கள் அநேகமாக இல்லை. பெண்கள் எதிர்ப்புத் தெரிவிக்கக் கூடுமென்பதே நிருபர்களின் சிந்தனையில் ஏறவில்லை. 1999ம் வருஷம் கிரிபினில் ஒரு பூங்காவுக்கு அவர் பெயரிட்டார்கள். 2018ம் வருஷம் அவர் தம் வரலாற்றைத் தாமே புஸ்தகமாக வெளியிட்டார். பிறர் எழுதாததைத் தானே எழுதிக் கொள்ள வேண்டியதாயிற்று என்று சொன்னால் தவறாகாது.

அதே 1968ம் வருஷம், டைகர்பெல்ஸ் கோஷ்டியைச் சேர்ந்த மேடலின் மானிங், பெண்களுக்கு ஆகாதென்று ஒரு காலத்தில் விலக்கப்பட்ட அந்த 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் பெற்றார். மற்றோர் அமெரிக்கப் பெண் அதைப் பெறுவதற்கு 2021ம் வருஷம் வரையில் ஐம்பத்துமூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1984ம் வருஷம் லாஸ் ஏஞ்சலிஸில் இரண்டு தொடரோட்டங்களில் தங்கமும் 400 மீட்டரில் வெள்ளியும் பெற்ற சாண்ட்ரா சீஸ்பரோ, பிற்பாடு டெம்பிளின் ஸ்தானத்தில் அமர்ந்து அதே கலாசாலையில் பெண்களைப் பயிற்றுவித்தார். டெம்பிளின் மாணவியருள் ஒலிம்பிக் பந்தயங்களில் ஓடியவர்கள் 40 பேர். அவர்கள் பெற்ற பதக்கங்கள் 23. அவற்றில் தங்கம் 13. அநேக தேசங்களின் முழுக் கணக்கே இதற்குக் குறைவு. இவற்றைவிட டெம்பிள் அதிகம் பெருமைப்பட்டது, அந்நாற்பதின்மரில் ஏறக்குறைய எல்லோரும் பட்டம் பெற்றார்கள் என்பதைப் பற்றியே. ஓடும் கால் ஒருநாள் ஓயும், படிப்பு ஓயாது என்பது அவர் கொள்கை. படம் பிடிக்கும் பத்திரிகைக்காரர் முன்னே வருவதற்கு முன் தலை வாரி முகம் கழுவிக்கொள்ள வேண்டுமென்றும் அவர் கட்டளையிட்டிருந்தார். இது இக்காலப் பெண்மணிகளுக்குப் பிடிக்காது. நமக்கும் முழுவதும் சம்மதமில்லை. ஆண்பிள்ளைகளுக்கு இவ்விதி கிடையாதல்லவா? ஆயினும் கறுப்புப் பெண்ணின் படத்தில் குற்றங் காண்பதற்கென்றே காத்திருந்த பத்திரிகைகளின் மத்தியில் அவர் வேறென்ன செய்யக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2015ம் வருஷம் நாஷ்வில்லில் அவருக்கு ஒரு சிலை வைத்தார்கள். மறுவருஷம் அவர் காலமானார்.

1972ம் வருஷத்துச் சட்டம், சர்க்கார் மானியம் பெறும் கலாசாலைகளில் ஆண் பெண் வேற்றுமை கூடாதென்று விதித்தது. பெண்களுக்கு விளையாட்டில் உதவிச் சம்பளம் கிடைத்தது, மைதானங்கள் கிடைத்தன. நிறத் தடையும் நீங்கியிருந்தமையால், செல்வம் படைத்த பெரிய சர்வகலாசாலைகள், முன்பு வாசலில் நிறுத்தி வைத்திருந்த பெண்களை இப்பொழுது போட்டி போட்டுக்கொண்டு அழைத்தன. அது நியாயமே, ஆனால் எவரும் சேர்க்காத காலத்தில் சேர்த்து வளர்த்த நாஷ்வில் கலாசாலை, கதவுகள் திறந்ததும் பின்தங்கிப் போயிற்று. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர்.

இப்பொழுது கடனுக்கு வருவோம். 2021ம் வருஷம் டென்னஸி சட்டசபையின் குழுவொன்று பழைய கணக்குகளை ஆராய்ந்தது. விவசாயக் கலாசாலைகளுக்கு மத்திய சர்க்கார் தரும் மானியத்துக்கு ஈடாக ராஜ்யம் தர வேண்டிய பணத்தை இந்தச் சர்வகலாசாலைக்குப் பல பத்தாண்டுகளாகத் தரவில்லையென்றும், அவ்வாறு நின்றுபோன தொகை 15 கோடி டாலர் முதல் 54 கோடியே 40 லட்சம் டாலர் வரையில் இருக்கலாமென்றும் அது மதிப்பிட்டது. 2022ம் வருஷம் சட்டசபை 25 கோடி டாலர் ஒதுக்கிற்று. 2023ம் வருஷம் மத்திய சர்க்காரின் கல்வி மந்திரியும் விவசாய மந்திரியும் கவர்னருக்கு எழுதிய கடிதத்தில், வெள்ளையருக்கென ஏற்பட்ட நாக்ஸ்வில் சர்வகலாசாலைக்குக் கொடுத்த விகிதத்தில் இதற்கும் கொடுத்திருந்தால், முப்பதாண்டுகளில் மட்டும் 210 கோடி டாலர் அதிகம் கிடைத்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். முடிவான தொகை எதுவென்று தீர்ப்புக் கூற நாம் நீதிபதியல்லோம். பாக்கி உண்டென்பதை ராஜ்யத்தின் சொந்தக் குழுவே ஒப்புக் கொண்ட பின், இந்தக் கட்சிக்காரர் வேறு சாட்சி கொண்டுவர வேண்டுவதில்லை. முற்றுப் பெறாத ஓடுபாதையும், நாளுக்கு இரண்டு மணி நேர வேலையும், இராக்கால மோட்டார்ப் பயணமும் எந்தக் கணக்கிலிருந்து பிறந்தன என்பது இப்பொழுது விளங்கும்.

ராஜ்யத்தின் பிரமுகர்கள் இப்பெண்களின் பெயரால் விருந்து வைக்கும் பொழுதெல்லாம் இந்தக் கணக்கையும் மேஜையின்மேல் வைக்க வேண்டுமென்பது நம் அபிப்பிராயம். வில்மா ருடால்ப் 1960ம் வருஷம் விதித்த நிபந்தனையும் இதுவே அன்றோ? சர்வகலாசாலையாரும் தங்கள் பங்கைச் செய்யக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒருவருடைய பெயரோடு நில்லாமல் நாற்பதின்மருடைய பெயர்களையும், ஒலிம்பிக் பந்தயம் வரையில் எட்டாமல் கோஷ்டியில் உடன் ஓடித் தேசியப் பட்டங்களை வென்று கொடுத்தவர்களின் பெயர்களையும் கல்லிலே பொறிக்கலாம். அக்கல்லில் பதக்கத்தின் எண்ணிக்கைக்குக் கீழே, அவர்களுக்கு மறுக்கப்பட்டவை இன்னின்னவை என்பதையும் நான்கு வரியில் எழுதலாம். 1961ம் வருஷம் நீக்கப்பட்ட பதினால்வரின் பெயர்களை அதன் பக்கத்திலேயே நாட்டலாம். இதற்குக் கோடிக்கணக்கான டாலர் வேண்டியதில்லை. அதை வேண்டுவது ஆய்வுக்கூடங்களும், விடுதிகளும், இன்று அங்கே படிக்கும் பெண்களின் உதவிச் சம்பளமும். அதைக் கொடுக்க வேண்டியது டென்னஸி சட்டசபை.